மோதாமலே மோதும் காற்று: கோள்களின் முகப்பில் சூரியக் காற்றும் பிளாஸ்மா அலைகளும்

சூரியனிலிருந்து நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் ஒரு புரோட்டான் பூமியின் தொலைவை எட்ட நான்கு நாளுக்குச் சற்று மேல் ஆகும். 15 கோடி கிலோமீட்டர் நீளமான இந்த வழியில் அது இன்னொரு புரோட்டானோடு எத்தனை முறை முட்டிக்கொள்ளும்? ஒரு முறை முட்டினாலே பெரிது. நம் மூக்கின் முன் இருக்கும் காற்றிலோ ஒரு மூலக்கூறு நொடிக்குப் பல நூறு கோடி முறை மற்றவற்றோடு மோதுகிறது. காற்றழுத்தம், வெப்பம், ஒலி எல்லாமே அந்த ஓயாத மோதலிலிருந்து வருபவை.

மோதலே இல்லாத ஒரு காற்று தடையைச் சந்தித்தால் எப்படி வேகம் குறையும்? எப்படிச் சூடாகும்? அதில் ஒரு சில துகள்கள் மட்டும் மற்றவற்றைவிட நூறு மடங்கு ஆற்றலை எப்படிப் பெறும்? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: மோதல் செய்ய வேண்டிய வேலையை இங்கே அலைகள் செய்கின்றன. துகள்கள் அலையை எழுப்புகின்றன. அந்த அலையே திரும்பி வந்து துகள்களைத் திருப்புகிறது, சூடாக்குகிறது, சிலவற்றைத் துரத்திவிடுகிறது. இது ஒன்று பிடிபட்டுவிட்டால், புதன் முதல் சனி வரை கோள்களின் முகப்பில் விண்கலங்கள் காணும் பெரும்பாலான காட்சிகள் விளங்கத் தொடங்கும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய மூன்று எண்கள்

சூரியக் காற்று என்பது பிளாஸ்மா. அணுக்கள் உடைந்து எலக்ட்ரான்கள் தனியாகவும் அயனிகள் தனியாகவும் ஓடும் வாயு அது. அயனிகளில் பெரும்பகுதி புரோட்டான். நூற்றில் நாலைந்து ஹீலியம் கரு. பூமிக்கு அருகே ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 5 புரோட்டான்கள்தான் இருக்கும். அந்தக் காற்று தன்னோடு இழுத்து வரும் சூரியக் காந்தப்புலத்தின் வலிமை சுமார் 5 நானோ டெஸ்லா. நம் ஊரில் திசைகாட்டி ஊசியைத் திருப்பும் புவிக் காந்தப்புலம் சுமார் 40,000 நானோ டெஸ்லா. 5 என்பது எவ்வளவு மெலிது என்று இதிலிருந்து புரியும். ஆனாலும் அந்தப் பிரதேசத்தில் சட்டம் போடுவது அந்த மெலிந்த புலம்தான்.

இந்த 5, 5 என்ற இரண்டு அளவுகளை வைத்து மூன்று எண்களைக் கணக்கிடலாம். தரவைப் பார்க்க உட்காரும் எவரும் முதலில் போடும் மனக்கணக்கு இது.

முதலாவது, எலக்ட்ரான்கள் தம் இடத்திலிருந்து சற்று விலகினால் திரும்பித் துள்ளி ஆடும் அதிர்வெண். இதற்குப் பிளாஸ்மா அதிர்வெண் என்று பெயர். அடர்த்தியின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் கிலோஹெர்ட்ஸில் விடை வரும். 5-க்கு வர்க்கமூலம் 2.24, ஆகவே 20 கிலோஹெர்ட்ஸ். இரண்டாவது, எலக்ட்ரான் காந்தப்புலக் கோட்டைச் சுற்றிச் சுழலும் அதிர்வெண். ஒரு நானோ டெஸ்லாவுக்கு 28 ஹெர்ட்ஸ். இங்கே 140 ஹெர்ட்ஸ். மூன்றாவது, புரோட்டான் ஒரு சுற்று சுற்றிவர எடுக்கும் நேரம். 66-ஐ நானோ டெஸ்லா அளவால் வகுத்தால் வினாடியில் கிடைக்கும். இங்கே 13 வினாடி.

எலக்ட்ரான் பிளாஸ்மா அதிர்வெண்ணையொட்டிய அலை, எலக்ட்ரான் சுழற்சிக்குக் கீழே வரும் விசில் அலை, புரோட்டான் சுழற்சியையொட்டிய மெதுவான அலை என்று ஒவ்வொரு அலையும் இவற்றில் ஏதோ ஒன்றோடு ஒட்டி நிற்கும். கருவியில் ஒரு அலை தெரிந்தால் எழும் முதல் கேள்வி, இது மூன்றில் எதற்கு அருகில் இருக்கிறது என்பதே.

நாலாவதாக ஒரு வேகத்தையும் சொல்லிவிடலாம். காந்தப்புலக் கோட்டை விறைப்பாகப் பிடித்த தேர்வடம்போல நினைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் உலுக்கினால் அந்த அசைவு வடத்தில் ஓடும். பிளாஸ்மாவில் அப்படி ஓடும் அசைவுதான் ஆல்ஃப்வென் அலை. அதன் வேகம் இங்கே நொடிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். காற்றோ 400-ல் வருகிறது. அதாவது தன் அலைகளைவிட எட்டு மடங்கு வேகத்தில் ஓடும் காற்று இது.

படகின் அணியத்தில் எழும் அலை

வேகமாகப் போகும் படகின் அணியத்தில் தண்ணீர் குவிந்து எழும்பி இரண்டு பக்கமும் விரியும். பூமியின் காந்த மண்டலத்துக்கு முன்னால் சூரியக் காற்றிலும் அதுவே நடக்கிறது. ஆங்கிலத்தில் இதன் பெயர் பௌ ஷாக். சில இடங்களில் 'வில் அதிர்ச்சி' என்று தமிழாக்குகிறார்கள். இந்தப் பெயரில் இருப்பது அம்பெய்யும் வில் அல்ல, படகின் முகப்பு. நம் கடற்கரையில் அதற்கு அணியம் என்ற சொல் இருக்கும்போது 'அணிய அதிர்ச்சி' என்பதே பொருத்தம். 1963-ல் ஏவப்பட்ட ஐஎம்பி-1 செயற்கைக்கோளின் காந்தமானிதான் இதை முதலில் தெளிவாகக் காட்டியது.

சூரியனை நோக்கிய பக்கத்தில் பூமியிலிருந்து சுமார் 90,000 கிலோமீட்டர் தூரத்தில் இந்த அதிர்ச்சி நிற்கிறது. அதைத் தாண்டும் காற்றின் வேகம் சட்டென்று குறைகிறது, அடர்த்தியும் காந்தப்புலமும் மூன்று நான்கு மடங்கு கூடுகின்றன, வெப்பம் எகிறுகிறது. அது நிலையான சுவர் அல்ல. காற்றின் அழுத்தம் மாற மாற நொடிக்குப் பல பத்து கிலோமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் நகரும். அதனால் ஒரே விண்கலம் ஒரே நாளில் பலமுறை அதைக் கடப்பதும், கடந்துவிட்டோம் என்று நினைத்த சில நிமிடத்தில் மீண்டும் வெளியே நிற்பதும் சாதாரணம்.

அதிர்ச்சியைத் தாண்டியதும் உள்ள கொந்தளிப்பான பகுதியில் 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் சிறு சிறு வெடிப்புகளாக விசில் அலைகள் கிடைக்கும். ஒலிபெருக்கியில் கேட்டால் சிங்க உறுமல் போல இருந்ததால் 1960-களிலேயே அவற்றுக்குச் 'சிங்க உறுமல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

படகின் ஒப்புமை இங்கே நின்றுவிடுகிறது. சாதாரண அதிர்ச்சியின் முன்னால் இருக்கும் காற்றுக்கு, பின்னால் தடை இருப்பது தெரியவே தெரியாது. பிளாஸ்மாவில் கொஞ்சம் துகள்கள் அதிர்ச்சியில் பட்டுத் தெறித்து, காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே எதிர்நீச்சல் போடுகின்றன. காற்று வந்து சேருமுன்பே சேதி போய்விடுகிறது. சேதி எட்டும் இந்தப் பகுதிக்கு அதிர்ச்சி முன்களம் என்று சொல்லலாம். பாடத்தின் சாரம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

முன்களம் எங்கே அமையும் என்பதைக் காந்தக் கோட்டின் சாய்வு தீர்மானிக்கிறது. சூரியன் சுழல்வதால் அதன் காந்தக் கோடுகள் சுருள் வளைவாக விரிகின்றன. பூமிக்கு அருகே அந்தச் சாய்வு சராசரியாக 45 பாகை. கோடு அதிர்ச்சிப் பரப்பை ஏறக்குறைய நேராகக் குத்தும் பக்கத்தில் துகள்கள் எளிதில் வெளியேறும். அதுதான் பூமியின் காலைப் பக்கம். கோடு பரப்போடு படுத்துக்கிடக்கும் மாலைப் பக்கத்தில் அதிர்ச்சி கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாகத் தெரியும். ஒரே அதிர்ச்சி, இரண்டு முகம். காலைப் பக்கத் தரவைப் பார்த்து "அதிர்ச்சி எந்த இடத்தில் இருக்கிறது?" என்று தேடிக் களைத்துப்போகும் மாணவர்கள் அதிகம். அங்கே அது ஒரு கோடாக இருக்காது; ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரந்த கொந்தளிப்பாகத்தான் இருக்கும்.

30 வினாடி அலையைக் கையால் கணக்கிடுவது

முன்களத்தில் காந்தமானியை வைத்தால், சுமார் 30 வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் பெரிய அலைகள் மணிக்கணக்கில் வரும். எல்லாக் கலங்களும் இதைப் பார்த்திருக்கின்றன. ஏன் 30? ஒரு தாளும் பேனாவும் இருந்தால் போதும்.

கணக்கு எளிதாக இருக்க, காந்தக் கோடு சூரியனை நோக்கி நேராக இருப்பதாக வைத்துக்கொள்வோம். 400 கிலோமீட்டர் வேகத்தில் வந்த புரோட்டான் அதிர்ச்சியில் பட்டு, அதே வேகத்தில் திரும்புகிறது. எதிரே வரும் காற்றோடு ஒப்பிட்டால் அதன் வேகம் 800. இந்தக் கற்றை காற்றுக்குள் பாயும்போது, காந்தக் கோட்டில் எந்த அலை அதற்குத் தோதாக இருக்கிறதோ அதை வளர்த்துவிடும். தோது என்றால், புரோட்டான் ஒரு சுற்று சுற்றி முடிக்கும் நேரத்தில் சரியாக ஒரு அலைநீளத்தைத் தாண்ட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு சுற்றிலும் அலையின் தள்ளல் ஒரே திசையில் விழுந்து சேரும். இதுவே சுழற்சி ஒத்திசைவு.

அலையும் சூரியனை நோக்கியே 50 வேகத்தில் போகிறது. ஆகவே அலையைப் பொறுத்தவரை புரோட்டானின் வேகம் 750. ஒரு சுற்றுக்கு 13 வினாடி. 750-ஐ 13-ஆல் பெருக்கினால் 9,750 கிலோமீட்டர். இதுதான் அலைநீளம், பூமியின் விட்டத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்.

இப்போது விண்கலத்தில் உட்கார்ந்து பார்ப்போம். அலை சூரியனை நோக்கி 50-ல் நீந்தப் பார்க்கிறது. காற்று அதைப் பூமியை நோக்கி 400-ல் அடித்து வருகிறது. மிச்சம் 350, பூமியை நோக்கி. 9,750-ஐ 350-ஆல் வகுத்தால் 28 வினாடி. அளவிடப்படும் 30 வினாடி அலை வந்துவிட்டது.

இந்தச் சிறு கணக்கிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று, 28 வினாடி என்பது கலத்துக்குத் தெரியும் காலம் மட்டுமே. காற்றோடு கூடவே மிதந்து பார்த்தால் அதே அலைக்கு 9,750-ஐ 50-ஆல் வகுத்து 195 வினாடி ஆகும். கலத்தில் தெரிந்த அதிர்வெண்ணை அப்படியே அலையின் அதிர்வெண் என்று எடுத்துக்கொள்வது தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை. சுழற்சித் திசைகூட ஏமாற்றும். இந்த அலை உண்மையில் வலச்சுழற்சி கொண்டது. காற்று அதைப் பின்னோக்கி அடித்துச் செல்வதால் கலத்துக்கு இடச்சுழற்சியாகத் தெரியும். புரட்டிப் படிக்காவிட்டால், இல்லாத ஒரு அலைவகையைக் கண்டுபிடித்ததாக அறிக்கை எழுத வேண்டியிருக்கும்.

இரண்டாவது, கணக்கில் 13 வினாடி என்பது காந்தப்புலத்தால் வந்தது. புலம் இரட்டிப்பானால் சுழற்சி நேரம் பாதியாகும். அலையின் காலமும் ஏறக்குறைய பாதியாகும். புதனுக்கு அருகே புலம் 20 நானோ டெஸ்லா அளவில் இருப்பதால் இதே வகை அலைகள் சில வினாடிகளில் முடிந்துவிடும். சனியின் தொலைவில் புலம் அரை நானோ டெஸ்லாவைச் சுற்றி இருக்கும். அங்கே ஒரு அலை கடக்கப் பல நிமிடம் ஆகும். ஒரே இயற்பியல், வேறு வேறு கடிகாரம். பூமியில் இந்த அலைகளில் ஒரு பகுதி காந்த மண்டலத்துக்குள் நுழைந்து தரைவரை வருகிறது. தரையில் இருக்கும் காந்தமானிகளில் 10 முதல் 45 வினாடிவரையிலான துடிப்புகளாக அது பதிவாகிறது.

எலக்ட்ரான்களின் கதை இதைவிட விறுவிறுப்பானது. அவையும் அதிர்ச்சியில் பட்டுத் திரும்புகின்றன, ஆயிரக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட் (துகளின் ஆற்றலை அளக்கும் சிறிய அலகு) ஆற்றலோடு. திரும்பும் வழியில் காற்று அவற்றைப் பக்கவாட்டில் அடித்துச் செல்கிறது. வேகம் குறைந்தவை அடித்துச் செல்லப்பட்டுவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் உள்ளவை மட்டுமே முன்களத்தின் விளிம்பை எட்டும். இதனால் அங்கே மெதுவான எலக்ட்ரான் கூட்டம் ஒன்றும், அதிவேகக் கூட்டம் ஒன்றும் இருக்க, நடுவில் பள்ளம் விழுகிறது. இப்படிப் பிரிந்த கூட்டம் நிலையாக இருக்காது. அதிவேகக் கூட்டத்தின் மிகை ஆற்றல் பிளாஸ்மா அதிர்வெண்ணில் லாங்மியூர் அலையாக வெளிப்படும். 20 கிலோஹெர்ட்ஸில் திடீரென்று ஒரு மெல்லிய, கூர்மையான கோடு எழுந்தால், கலம் எலக்ட்ரான் முன்களத்துக்குள் கால் வைத்துவிட்டது என்று பொருள். அந்த அலையில் ஒரு பகுதி இரட்டிப்பு அதிர்வெண்ணில் ரேடியோ அலையாகவும் மாறுகிறது.

இந்தக் கோடு அடர்த்தியையும் சொல்லிவிடும். அதிர்வெண்ணை 9-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் போதும். வாயேஜர்-1-இல் பிளாஸ்மாவை நேரடியாக அளக்கும் கருவி 1980-லேயே பழுதாகிவிட்டது. 2013 ஏப்ரல், மே மாதங்களில் அதன் 10 மீட்டர் ஆண்டெனாக்கள் 2.6 கிலோஹெர்ட்ஸில் அதிர்வைப் பிடித்தன. கணக்கிட்டால் கன சென்டிமீட்டருக்கு 0.08 எலக்ட்ரான்; சூரியக் காற்றின் வெளிப்புறத்தில் எதிர்பார்த்ததைவிடப் பல பத்து மடங்கு அதிகம். முந்தைய அலைப் பதிவையும் சேர்த்துப் பின்னோக்கிப் பார்த்துத்தான், 2012 ஆகஸ்ட் 25-ல் அது சூரியக் காற்றின் எல்லையைக் கடந்து விண்மீன்களுக்கு இடையிலான வெளியில் நுழைந்ததை உறுதிசெய்தார்கள்.

சில துகள்களுக்கு மட்டும் எங்கிருந்து அவ்வளவு ஆற்றல்?

400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் புரோட்டானின் ஆற்றல் சுமார் 800 எலக்ட்ரான் வோல்ட். முன்களத்திலோ 1 லட்சம், 2 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள அயனிகள் எல்லாத் திசையிலும் பறக்கின்றன. அவற்றை வளர்த்தது நாம் இப்போது கணக்கிட்ட அலைதான்.

அலைகள் காற்றோடு சேர்ந்து பூமியை நோக்கி வருகின்றன. அதிர்ச்சிக்குப் பின்னால் இருக்கும் கொந்தளிப்பு மெதுவாகவே நகர்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட அயனிக்கு இரண்டு பக்கமும் சுவர். முன்சுவர் நெருங்கி வந்துகொண்டே இருக்கிறது. ஒன்றையொன்று நெருங்கும் இரண்டு மட்டைகளுக்கு நடுவே பந்து அகப்பட்டால் ஒவ்வொரு தட்டலிலும் வேகம் கூடும் அல்லவா, அதுபோலத்தான். இத்தாலிய இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் பெயரால் இதை ஃபெர்மி முடுக்கம் என்கிறார்கள். அயனியின் வேகம் கூடக் கூட, அது முன்களத்தில் இன்னும் தூரம் போய்த்தான் திரும்ப முடியும். கடைசியில் பக்கவாட்டில் நழுவிவிடும். பூமியின் அதிர்ச்சி அளவில் சிறியது. அதனால்தான் ஆற்றல் சில லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டோடு நின்றுவிடுகிறது.

சனியின் முன்னால் நிலைமை வேறு. 2007 பிப்ரவரியில் காசினி விண்கலம் கடந்த ஒரு அதிர்ச்சியில், காற்றின் வேகம் ஆல்ஃப்வென் வேகத்தைப்போலச் சுமார் 100 மடங்கு இருந்தது. எலக்ட்ரான்கள் ஒளி வேகத்தை நெருங்கும் அளவுக்கு முடுக்கப்பட்டிருந்தன. வெடித்துச் சிதறிய விண்மீன்களின் மிச்சமான சூப்பர்நோவா எச்சங்களின் அதிர்ச்சியில் நடப்பதாகக் கருதப்படும் ஒன்றை அருகில் நின்று அளந்த அரிய தருணம் அது.

வியாழன் தானே ஒரு துகள் ஊற்று. அதன் காந்த மண்டலத்திலிருந்து கசியும் பல லட்சம் எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான்கள் சூரியனின் சுருள் காந்தக் கோடு வழியே பூமிவரை வருகின்றன. பூமியும் வியாழனும் ஒரே கோட்டில் இணையும் அமைவு 13 மாதத்துக்கு ஒருமுறை திரும்புவதால், எலக்ட்ரான் அளவும் 13 மாதச் சுழற்சியில் ஏறி இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம் முதலில் பூமியருகேதான் தெரிந்தது; 1973-ல் பயனியர்-10 வியாழனை நெருங்கியபோது ஊற்று எது என்பது உறுதியானது.

செவ்வாய்: கோளின் காற்றே சூரியக் காற்றில் ஏறிக்கொள்ளும் இடம்

செவ்வாய்க்கு முழுக்கோளக் காந்தப்புலம் கிடையாது. பழைய பாறைகளில் திட்டுத் திட்டாக மிச்சம் இருப்பது மட்டுமே. இருந்தும் அதற்கு முன்னாலும் அணிய அதிர்ச்சி உண்டு. அயனி மண்டலமே தடையாக நிற்கிறது. கோளின் ஈர்ப்பு குறைவு என்பதால் மெல்லிய ஹைட்ரஜன் மேகம் அந்த அதிர்ச்சியைத் தாண்டி வெளியேவரை பரவிக்கிடக்கிறது.

அந்த மேகத்தில் ஒரு ஹைட்ரஜன் அணுவைக் கவனியுங்கள். கோளோடு ஒப்பிட்டால் அது ஏறக்குறைய சும்மா நிற்கிறது. மின்னூட்டம் இல்லாததால் சூரியக் காற்று அதை உரசாமல் கடந்துபோகிறது. திடீரென்று சூரியனின் புறஊதாக் கதிர் எலக்ட்ரானைப் பிய்த்தெறிகிறது. அந்த நொடியே அது அயனி. 400 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் காந்தப்புலம் அதைப் பிடித்துக்கொள்கிறது. ஓடும் பேருந்தின் கம்பியைப் பிடித்தவனைப்போல அது இழுபடும், ஆனால் நேராக அல்ல, சுழன்று சுழன்று. புலம் ஓட்டத்துக்குச் செங்குத்தாக இருந்தால் அதன் வேகம் சுழற்சியின் உச்சத்தில் 800-ஐத் தொடும்; திரும்பவும் பூஜ்யத்துக்கு வரும். இவற்றை ஏற்றிக்கொண்ட அயனிகள் எனலாம்.

இந்தப் புது அயனிக் கூட்டமும் காற்றுக்குள் அந்நியமான கற்றைதான். அதனால் அதுவும் அலை எழுப்புகிறது. இப்போது பழைய கணக்கின் அழகான திருப்பம்: பிறந்த நொடியில் அயனி கோளோடு நிற்கிறது, விண்கலமும் கோளோடு ஏறக்குறைய நிற்கிறது. அயனி எந்த அதிர்வெண்ணில் அலையை உணர்கிறதோ, கலமும் அதே அதிர்வெண்ணில் உணரும். ஒத்திசைவின்படி அது புரோட்டானின் சுழற்சி அதிர்வெண். ஆகவே புலம் 3 நானோ டெஸ்லாவாக இருந்தால், 66-ஐ 3-ஆல் வகுத்து, 22 வினாடி அலை. புலம் மாறினால் அலையும் கூடவே மாறும். 1989-ல் ஃபோபோஸ்-2, பிறகு மார்ஸ் குளோபல் சர்வேயர், 2014 முதல் மேவென் என்று செவ்வாய்க்குப் போன விண்கலங்கள் எல்லாம் இதைக் கண்டன. அலையின் அதிர்வெண்ணே 'நான் ஹைட்ரஜன்' என்று கையெழுத்துப் போடுகிறது. ஆக்சிஜனாக இருந்தால் காலம் 16 மடங்கு நீண்டிருக்கும். செவ்வாய் சூரியனுக்கு அருகில் வரும் பருவத்தில் ஹைட்ரஜன் மேகம் பெருத்து, இந்த அலைகளும் கூடுகின்றன. கோளிலிருந்து ஹைட்ரஜன், அதன் வழியே ஒரு காலத்துத் தண்ணீர், எப்படித் தப்பிக்கிறது என்று பார்க்க இதைவிட நேரடியான சாட்சி அரிது.

ஆக்சிஜன் அயனியின் சுழற்சி வட்டத்தையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கலாம். 3 நானோ டெஸ்லாவில் அதன் ஆரம் சுமார் 22,000 கிலோமீட்டர். செவ்வாயின் ஆரமோ 3,390 கிலோமீட்டர். கோளைவிட ஆறேழு மடங்கு பெரிய வட்டம் அது. அதனால்தான் செவ்வாயை விட்டுப் போகும் ஆக்சிஜன் எல்லாப் பக்கமும் சமமாகப் போகாமல், காற்றின் மின்புலம் காட்டும் ஒரு பக்கமாக வால்போல வீசப்படுகிறது.

சூரிய வெடிப்பிலிருந்து வரும் ஆற்றல் துகள்களுக்கும் செவ்வாயில் தடுப்பு குறைவு. 2017 செப்டம்பரில் வந்த ஒரு நிகழ்வில் கோள் முழுவதும் துருவ ஒளி எழுந்தது. மேவென் அதுவரை கண்டதைவிட 25 மடங்குக்கு மேல் பிரகாசம். தரையில் கியூரியாசிட்டி ஊர்தியின் கதிர்வீச்சுமானி, அதுவரை பதிவுசெய்த அளவுகளைவிட இரு மடங்குக்கு மேல் காட்டியது.

கருவிகள், அவை செய்யும் ஏமாற்று வேலைகள்

காந்தமானிக்கு முதல் எதிரி அதைச் சுமந்து செல்லும் கலம். மின்கம்பி, சூரியத் தகடு, சுழல் சக்கரம் எல்லாமே சில நானோ டெஸ்லா புலத்தை உண்டாக்கும். அதனால் காந்தமானியை நீண்ட கையின் நுனியில் பொருத்துகிறார்கள். 2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, 2024 ஜனவரி 6-ல், பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே ஈர்ப்புச் சமநிலை உள்ள எல்-1 புள்ளியைச் சுற்றத் தொடங்கிய ஆதித்யா-எல்1 விண்கலத்தில் அந்தக் கை 6 மீட்டர். அதில் 3 மீட்டரில் ஒரு உணரி, 6 மீட்டரில் ஒரு உணரி. ஏன் இரண்டு? கலத்தின் புலம் தூரத்தின் கன அளவில் குறையும். தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு. சூரியக் காற்றின் புலமோ இரண்டு இடத்திலும் ஒன்றே. இரண்டு அளவையும் கழித்தால் கலத்தின் பங்கு வெளிவந்துவிடும்.

அப்போதும் உணரியின் பூஜ்யம் மெல்ல நகரும். அதைத் திருத்த அலைகளே உதவும் என்பது இந்தத் துறையின் மிக நேர்த்தியான உத்திகளில் ஒன்று. சூரியக் காற்றின் ஆல்ஃப்வென் அலைகளில் புலத்தின் திசை ஆடும், ஆனால் மொத்த அளவு மாறாது. ஏதாவது ஒரு அச்சின் பூஜ்யம் தவறாக இருந்தால், திசை ஆடும்போது மொத்த அளவும் பொய்யாக ஆடும். அந்த ஆட்டம் அடங்கும்வரை பூஜ்யத்தை மாற்றிப் பார்த்தால் சரியான எண் கிடைத்துவிடும்.

மின்புலம் அளப்பது இன்னும் கடினம். காந்தப்புலம் செங்குத்தாக இருக்கும்போதுகூடச் சூரியக் காற்றின் மின்புலம் மீட்டருக்கு 2 மில்லி வோல்ட்தான். சூரிய ஒளி பட்ட கலம் எலக்ட்ரான்களை உமிழ்ந்து சில வோல்ட் மின்னூட்டத்தில் இருக்கும். அந்த இரைச்சலைத் தாண்ட நீண்ட கம்பி வேண்டும். பூமியின் காந்த மண்டலத்தை ஆராய 2015-ல் ஏவப்பட்ட நாசாவின் எம்எம்எஸ் கலங்கள் நான்கும், சுழலும் தளத்தில் நுனிக்கு நுனி 120 மீட்டர் கம்பிகளை விரித்து வைத்திருக்கின்றன. நான்கு கலங்கள் ஏன் என்றால், ஒரே கலத்துக்கு இடமாற்றமும் கால மாற்றமும் ஒன்றுபோலத் தெரியும். நான்கு மூலையில் நின்று பார்த்தால்தான் அலை எந்தத் திசையில், எந்த வேகத்தில் போனது என்று சொல்ல முடியும்.

அயனிகளை அளக்க, வளைந்த இரண்டு தகடுகளுக்கு நடுவே மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். குறிப்பிட்ட ஆற்றல் உள்ளவை மட்டும் வளைந்து வெளியேறும். உண்மையில் இது அளப்பது ஆற்றலை மின்னூட்டத்தால் வகுத்த ஈவு. புரோட்டானோடு ஒரே வேகத்தில் வரும் ஹீலியம் கருவுக்கு நிறை 4, மின்னூட்டம் 2. அதனால் 800 வோல்ட்டில் புரோட்டான் மேடு தெரிந்தால் 1,600-ல் ஹீலியம் மேடு தெரியும். புதியவர்கள் அதைத் தெறித்த கற்றை என்று நினைத்துவிடுவார்கள். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்தால் போதும்: ஹீலியம் சூரியப் பக்கமிருந்து வரும், தெறித்தது கோளின் பக்கமிருந்து.

மாதிரி எடுக்கும் இடைவெளியும் கவிழ்த்துவிடும். 4 வினாடிக்கு ஒருமுறை மட்டும் அளக்கும் கருவியில், வடிகட்டாமல் விட்டால், 5 வினாடி அலை 20 வினாடி அலைபோல் தோன்றும். செவ்வாயில் இந்தத் தவறு நடந்தால் இல்லாத ஹைட்ரஜன் அலையைக் கண்டதாக ஆகிவிடும்.

உயர் ஆற்றல் துகள்களுக்குச் சிலிக்கான் உணரி. துகள் உள்ளே விட்டுச்செல்லும் ஆற்றலை அது எண்ணும். மிக வேகமான துகள் முழுதும் நிற்காமல் துளைத்துக்கொண்டு போனால், குறைந்த ஆற்றலாகப் பதிவாகிவிடும். அதற்காகப் பின்னால் இன்னொரு உணரி வைத்து, இரண்டும் ஒரே கணத்தில் அடித்தால் அந்தப் பதிவைத் தனியாக ஒதுக்குகிறார்கள்.

சூரியனிலிருந்தா, பூமியிலிருந்தா?

எல்-1 பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே 1 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் அயனிகள் திடீரென்று கூடினால், சூரிய வெடிப்பு என்று துள்ளிவிடக் கூடாது. பூமியின் முன்களத்திலிருந்து எதிர்நீச்சல் போட்டு வந்தவையும் அங்கே எட்டும்.

பிரித்தறிய மூன்று சோதனைகள் போதும். முதலில் வரிசை. சூரியனிலிருந்து வருபவை சுருள் கோடு வழியே சுமார் 18 கோடி கிலோமீட்டர் ஓடி வர வேண்டும். வழியில் சிதறாவிட்டால் 1 கோடி எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் 70 நிமிடத்தில், 10 லட்சம் உள்ளது மூன்றரை மணியைத் தாண்டி, 1 லட்சம் உள்ளது 11 மணி நேரத்துக்கு மேல் கழித்து வரும். வேகமானவை முன்னால், மெதுவானவை பல மணி பின்னால். பூமியிலிருந்து வந்தவற்றுக்கு ஓட வேண்டிய தூரம் நூறில் ஒரு பங்குதான். 1 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் 6 நிமிடத்துக்குள் வந்துவிடும், எல்லா ஆற்றலும் ஏறக்குறைய ஒன்றாகவே எகிறும்.

அடுத்து காந்தத் திசை. அந்த நேரத்தில் காந்தமானி காட்டும் கோடு பூமியின் அதிர்ச்சியை எட்டுகிறதா என்று வரைந்து பாருங்கள். எட்டினால் சந்தேகம் பூமி மேல். கோடு திரும்பிய கணமே துகள்களும் மறைந்தால் சந்தேகமே வேண்டாம். மூன்றாவது, உச்ச ஆற்றல். பூமியிலிருந்து வந்தவை சில லட்சத்தோடு நின்றுவிடும். 1 கோடி எலக்ட்ரான் வோல்ட் சேனலிலும் எண்ணிக்கை ஏறினால், அதைப் பூமியின் அதிர்ச்சி செய்திருக்க முடியாது.